தண்டனை யார்மேல் விழுகிறது? பட்டாசு வட்டாரத்து இளையோரும் இயற்கை குறித்த அறமும்

1. களமும் கேள்வியும்

சாத்தூருக்கு அருகில், அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளிக்குத் தென்மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் நடந்தே வந்து சேர்கிறார்கள். அக்கினிச்சட்டி, மாவிளக்கு, முடியிறக்குதல் என்று நேர்த்திக்கடன்கள் நிறைவேறுகின்றன. அம்மையும் கண்நோயும் கண்டவர்கள் இங்கே தங்கி வயனம் இருப்பது நெடுநாள் வழக்கம். இவ்வட்டாரத்து மக்களுக்கு மழையைத் தருபவளும் நோயை இறக்குபவளும் ஒருத்திதான்.

இதே மண்ணில்தான் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் பரவிக் கிடக்கின்றன. நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வட்டாரத்தினுடையது என்று சொல்லப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெறும் கரிசல் பூமி இது. வெள்ளாமை கைவிட்டபோது குடும்பங்கள் ‘பயர் ஆபீசு’, ‘தீப்பெட்டி ஆபீசு’ என்று இங்கே வழங்கும் ஆலைகளுக்குப் போயின.

இத்தகைய மண்ணில் வளரும் ஒரு சிறுமியோ இளைஞனோ ஆறு, மழை, காற்று, பறவை ஆகியவற்றைப் பற்றி ‘இது சரி, இது தவறு’ என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள்? அந்த முடிவுக்கு எந்தக் காரணங்கள் துணை நிற்கின்றன? இக்கட்டுரை புதிய நேர்காணல்களை முன்வைக்கவில்லை. குழந்தைகளின் அறச்சிந்தனை பற்றி ஏற்கெனவே உள்ள ஆய்வுகளை இவ்வட்டாரத்தின் வழிபாடு, தொழில், வழக்குகள் ஆகியவற்றோடு சேர்த்து வாசிக்க முயல்கிறது.

இங்கு நிறுவ விரும்பும் கருத்து இதுதான்: இயற்கை குறித்த அறமுதிர்ச்சியை ‘மனிதனை மையமாகக் கொண்ட நோக்கிலிருந்து இயற்கையை மையமாகக் கொண்ட நோக்குக்கு ஏறுவது’ என்று மட்டும் அளந்தால், இவ்வட்டாரத்து இளையோரின் சிந்தனையில் மிக முக்கியமான பகுதி அளவுகோலுக்கு வெளியே நின்றுவிடும். அந்தப் பகுதி, தீங்கு யார்மேல் விழுகிறது என்ற கேள்வி.

2. இதுவரை ஆய்வுகள் சொல்வது

குழந்தைகளின் அறச்சிந்தனை பற்றிய நவீன ஆய்வு, சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலிலிருந்து வேகம் பெற்றது. அவர் குழந்தைகளிடம் ஒரு கதையைச் சொன்னார். சிறுவன் ஒருவன் ஆப்பிள் திருடிவிட்டு ஓடுகிறான். ஆற்றைக் கடக்கும்போது உளுத்த பாலம் முறிந்து நீரில் விழுகிறான். திருடாமல் அதே பாலத்தைக் கடந்திருந்தாலும் விழுந்திருப்பானா? சிறு குழந்தைகளில் பெரும்பாலோர், திருடியதால்தான் விழுந்தான் என்றார்கள். பாலமே தண்டித்தது என்று கொள்ளும் இந்த எண்ணத்தைப் பொருள்களில் உறையும் நீதி என்று பியாஜே கண்டார். வயது ஏற ஏற இது தேய்கிறது என்பது அவர் முடிவு.

அடுத்த பெரிய திருப்பம் உளவியலாளர் எலியட் டுரியலின் ஆய்வுகள். ஊர் வழக்கத்தையும் அறத்தையும் சிறு குழந்தைகளே பிரித்தறிகிறார்கள் என்று அவர் வாதிட்டார். ஆசிரியர் அனுமதித்தால் சீருடை இல்லாமல் பள்ளிக்கு வரலாம். ஆனால் ஆசிரியரே அனுமதித்தாலும் இன்னொருவனை அடிப்பது தவறு. அதிகாரமோ வழக்கமோ மாற்ற முடியாத தவறே அறத்தவறு.

இந்த அளவுகோலை இயற்கைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் கான். 1990களில் ஹூஸ்டன் நகரின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்பிலும், பிரேசிலில் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையிலும், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரிலும் அவரும் உடனாய்வாளர்களும் குழந்தைகளிடம் பேசினார்கள். ஆற்றில் குப்பை கொட்டலாமா? எல்லாரும் கொட்டினால்? சட்டம் அனுமதித்தால்? பெரும்பாலான குழந்தைகள் எந்த நிலையிலும் அது தவறு என்றே சொன்னார்கள். காரணம் கேட்டபோது மனித நலனே முன்வந்தது: தண்ணீர் கெடும், நோய் வரும், பார்க்க நன்றாக இருக்காது. மீனுக்கும் மரத்துக்கும் அவற்றுக்கே உரிய மதிப்பு உண்டு என்ற உயிர்மையக் காரணம் குறைவாகவே வந்தது. 1999இல் வெளியான நூலில் கான் இவற்றைத் தொகுத்தார்.

இந்த ஆய்வுகளின் பெரும் பயன் ஒன்று உண்டு. வறுமையில் வாழும் குழந்தைகளுக்கு இயற்கையைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை என்ற பரவலான எண்ணத்தை அவை உடைத்தன. ஆனால் அவற்றின் வகைப்பாடு ஒரு சிக்கலை விட்டுச்சென்றது. விடையை மனிதமையம், உயிர்மையம் என்று பிரித்தவுடன், இரண்டாவதே உயர்ந்தது என்ற மதிப்பீடு சுற்றுச்சூழல் கல்வியில் சத்தமின்றி நுழைந்துவிடுகிறது. ‘நோய் வரும்’ என்ற விடையில் யாருக்கு நோய் வரும் என்று கேட்க அங்கே இடமில்லை. தன் நலனைக் கருதிச் சொல்லும் குழந்தையும், ஆற்றோரம் குடியிருக்கும் பிறர் நலனைக் கருதிச் சொல்லும் குழந்தையும் ஒரே வகைக்குள் அடங்கிவிடுகிறார்கள். அறத்தின் பார்வையில் இவ்விரண்டும் ஒன்றாக முடியாது.

3. ‘சாமி கண்ணைக் குத்தும்’

தமிழ்க் குழந்தை பள்ளிக்குப் போகுமுன்பே கேட்டுவிடும் எச்சரிக்கை இது. பியாஜே சொன்ன உறையும் நீதியின் தமிழ் வடிவம் என்று இதைக் கொள்ளலாம். கண்நோய் தீர்க்கும் தெய்வமாகப் போற்றப்படும் அம்மன் குடியிருக்கும் ஊரில் இதற்கு இன்னும் அழுத்தம் கூடும். கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கக் கூடாது, ஊருணியில் கால் கழுவக் கூடாது என்பன போன்ற தடைகளும் இதே தர்க்கத்தில் நிற்பவை. மீறினால் மீறியவனுக்கே கேடு வரும்.

இதை முதிராத சிந்தனை என்று ஒதுக்கலாமா? மானிடவியலாளர் ரிச்சர்டு ஷ்வேடரும் உடனாய்வாளர்களும் ஒடிசாவின் புவனேசுவரத்தில் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுக்கிறது. தனிமனித உரிமையை மையமாகக் கொண்ட அறம் அறத்தின் ஒரு வகை மட்டுமே. சமூகக் கடமையும் தெய்விக ஒழுங்கும் அதற்கு நிகரான அறமொழிகள் என்று ஷ்வேடர் பின்னர் விரித்துரைத்தார். டுரியலின் தரப்பு இதற்கு ஒரு கூர்மையான மறுப்பை வைத்தது. தெய்வமோ இறந்தவரின் ஆவியோ துன்புறும் என்று நம்புகிறவர், அந்தத் துன்பத்தைத் தவிர்க்கவே ஒரு செயலைத் தவறென்கிறார். அங்கே வேறுபடுவது உலகைப் பற்றிய நம்பிக்கை. தீங்கிழைக்காதே என்ற அறம் இருதரப்புக்கும் பொதுவானது.

இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இயற்கை குறித்த நம் கேள்விக்குத் தெய்விக அறம் தானாகவே விடையாகிவிடாது. காசியில் கங்கையைப் பற்றி மானிடவியலாளர் கெல்லி ஆலி செய்த ஆய்வு இதைக் காட்டுகிறது. கங்கை புனிதமானவள், எந்த அழுக்கும் அவளைத் தீண்டாது என்ற ஆழ்ந்த நம்பிக்கை, கழிவுநீர் கலப்பதைச் சூழல் கேடாகக் காணவிடாமல் தடுக்கிறது. வைப்பாற்றுப் படுகையிலும் இந்த விலகலைக் காணலாம். ஆற்றங்கரைத் தெய்வத்தின் மீதுள்ள பக்தி ஆற்றுமணலைக் காப்பாற்றிவிடவில்லை. விருதுநகரின் கழிவுநீரைச் சுமக்கும் கௌசிகா ஆற்றையும் அது மீட்கவில்லை.

இருப்பினும் மாரியம்மன் வழிபாட்டுக்குள்ளேயே இன்னொரு போதனை உண்டு. ஆய்வாளர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான். அம்மை கண்டவரை யாரும் பாவி என்று சொல்வதில்லை. அவர் உடலில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள். அடுப்பில் தாளிப்பை நிறுத்துகிறார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீடே ஒழுங்கு காக்கிறது. துன்பப்படுபவர் குற்றவாளி அல்லர். துன்பம் ஓர் உடலில் இறங்கியதும் சுற்றியிருப்பவர்கள் அனைவருக்கும் கடமை பிறக்கிறது. சாமி கண்ணைக் குத்தும் என்ற எச்சரிக்கை, துன்பத்தைத் தண்டனையாக வாசிக்கக் கற்றுத் தருகிறது. அம்மை கண்ட வீட்டின் ஒழுக்கமோ அந்த வாசிப்பை மறுக்கிறது. இவ்வட்டாரத்துக் குழந்தை இரண்டையும் கேட்டுத்தான் வளர்கிறது.

4. மழையும் வெயிலும் வேலையும்

பட்டாசுத் தொழில் இங்கே வேரூன்றியதற்கு வறண்ட காற்று ஒரு முதன்மைக் காரணம். திரியும் மருந்து அடைத்த வெடியும் வெயிலில் காய வேண்டும். ஈரம் பட்டால் சரக்கு கெடும். மழை நாளில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. மானாவாரிக் காட்டில் விதைத்தவருக்கு அதே மழைதான் உயிர். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், ஒருவர் வானத்தைப் பார்த்து மழை கேட்கிறார், இன்னொருவர் வெயில் கேட்கிறார். தீபாவளிச் சீசன் முடியும் தறுவாயில் வடகிழக்குப் பருவமழை வலுப்பது இந்த முரணைக் கொஞ்சம் தணிக்கிறது. ஆனால் முரண் தீர்ந்துவிடுவதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு ‘இயற்கை நல்லது’ என்ற பாடநூல் வாக்கியம் போதாது. மழை யாருக்கு நல்லது, எப்போது நல்லது என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு அன்றாட வாழ்வே காரணம் தருகிறது. இக்கேள்வியைத் தன்னலம் என்று வகைப்படுத்துவது பிழை. ஒரே மழையைப் பல உயிர்களின் இடத்திலிருந்து பார்க்கும் திறனின் தொடக்கம் அது.

விபத்துகளோ இதைவிடக் கடுமையான பாடத்தைப் புகட்டுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்து விபத்து இருபது பேர் அளவில் உயிரைப் பறித்தது. உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விடுதல், ஓர் அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை உட்கார்த்துதல், அனுமதியில்லாத ரகங்களைச் செய்தல், மருந்துக் கலவையைக் கையாள்வதில் உராய்வு ஆகியவை இத்தகைய விபத்துகளின் காரணங்களாக மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. முடிவெடுத்தவர் ஒருவர், எரிந்தவர் இன்னொருவர். உறையும் நீதி என்று ஒன்று இருந்திருந்தால் மருந்து அறையில் அமர்ந்திருந்த தினக்கூலிப் பெண் இறந்திருக்க மாட்டார்.

இதிலிருந்து வளரும் உணர்வே இயற்கை குறித்த அறமுதிர்ச்சியின் அடிப்படை என்று கருத வேண்டும். வெடிமருந்துக்கும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் குற்றவாளியை அடையாளம் தெரியாது. ஆற்றுமணலை அள்ளியவரின் கிணறு ஆழமாக இருக்கும். வற்றுவது பக்கத்துக் காட்டுக்காரரின் கிணறு. நீதியை இயற்கை வழங்காதபோது மனிதர்கள்தாம் வழங்க வேண்டும் என்று ஓர் இளம் மனம் உணரும் இடத்தில், இயற்கையைப் பற்றிய கேள்வி சமூக நீதியின் கேள்வியாக விரிகிறது.

5. மூன்று வழக்குகளில் குழந்தை

இந்திய நீதிமன்றங்களில் மூன்று வழக்குகளைச் சேர்த்து வாசித்தால் இக்கேள்வி இன்னும் தெளிவாகும்.

முதல் வழக்கில் குழந்தை தொழிலாளி. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு அது. 1985 இறுதியில் பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர்கள் இருந்தார்கள் என்றும், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்றும் அவ்வழக்கில் பதிவாயிற்று. பதிவில் வராத குழந்தைகள் வேறு. சலம் பென்னூர்க்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்த வாழ்வைப் பதிவு செய்தது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும், குழந்தையின் கல்வி உறுதி செய்யப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இரண்டாம் வழக்கில் குழந்தை மாணவர். அதே எம்.சி. மேத்தா தொடுத்த இன்னொரு வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று, கல்வி நிலையங்களில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003இல் அதை நடைமுறைப்படுத்த மீண்டும் வற்புறுத்தியது. ஒரு வழக்கு சிவகாசிக் குழந்தையை ஆலையிலிருந்து பள்ளிக்கு அனுப்பியது. மற்றொரு வழக்கு அந்தப் பள்ளியில் சூழலைப் பாடமாக வைத்தது. இரண்டுக்கும் ஒரே வழக்கறிஞர். எனினும் அந்தப் பாடநூலில் அந்தக் குழந்தையின் ஆலை வாழ்வுக்கு இடம் கிடைக்கவில்லை. காற்று மாசு என்ற பாடத்தில் வெடிப்பவர் வருகிறார், புகையைச் சுவாசிப்பவர் வருகிறார். வெடியைச் செய்தவர் வருவதில்லை.

மூன்றாம் வழக்கில் குழந்தை மனுதாரர். 2015இல் தில்லியில் மூன்று பச்சிளங்குழந்தைகளின் பெயரில், தூய காற்றுக்கான உரிமை கேட்டு அவர்களின் தந்தையர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். அர்ஜுன் கோபால் வழக்கு என்று அறியப்படும் அதில் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது. சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விழுந்தது. தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணிநேரம் மட்டும் அனுமதி. மாசு குறைந்த ‘பசுமைப் பட்டாசு’க்கே இடம். தமிழ்நாட்டில் அந்த இரண்டு மணிநேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வகுக்கப்பட்டது. பேரியம் நைட்ரேட் பச்சை ஒளிக்கு மட்டுமின்றி எரிதலுக்கு உயிர்வளி தரும் சேர்மானமாகவும் பயன்பட்டது. ஆகவே தடை பல ரகங்களை ஒருசேரத் தாக்கியது. அதையொட்டிச் சிவகாசி ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன.

நலவாழ்வு உரிமையையும் தொழில் செய்யும் உரிமையையும் சமன்செய்ய முயன்றதாகத் தீர்ப்பு சொல்கிறது. அந்த முயற்சி மதிக்கத்தக்கது. ஆனால் தராசின் ஒரு தட்டில் நுரையீரல் முதிராத குழந்தைகள் இருந்தார்கள். மறுதட்டில் ‘தொழில்’ இருந்தது. தொழில் என்ற அந்தத் தலைப்புக்குள்ளும் குழந்தைகள் இருக்கிறார்கள். தாயின் வாரக்கூலியில் பள்ளிக்குப் போகிறவர்கள் அவர்கள். தில்லிக் குழந்தையின் காற்றும் சாத்தூர்க் குழந்தையின் சோறும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்படி அமைந்ததே இதில் உள்ள அநீதி. இரண்டு குழந்தைகளும் அந்த அமைப்பை உருவாக்கவில்லை.

6. இரண்டு எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: இப்படிப் பேசுவது, தொழிலாளர் பெயரைச் சொல்லித் தொழிலின் கேடுகளை மூடிமறைப்பதாகாதா? இந்த ஐயம் நியாயமானது. பிழைப்பு என்ற சொல் எல்லாக் கேள்விகளையும் நிறுத்திவிடும் ஆற்றல் உடையது. ‘பட்டாசு நிற்கக் கூடாது’ என்று சொல்லும் இளைஞர், உள்குத்தகையைப் பற்றியும் மாற்றுத் தொழிலைப் பற்றியும் கேட்காமல் இருந்தால் அவர் சிந்தனை பாதியில் நிற்கிறது. வேலை செய்பவருக்கு என்ன வழி என்ற கேள்வி தொடக்கம்தான். அதை அடுத்து, இந்த ஆபத்தையும் இந்தக் கூலியையும் மட்டுமே தேர்வாக வைத்தது யார் என்ற கேள்வி வர வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுகுடிப்பட்டி இங்கே ஒப்பிடத்தக்கது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் அஞ்சக் கூடாது என்று அவ்வூரார் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்குள்ள சிறுவர்களும் அந்த முடிவுக்குள் வளர்கிறார்கள். உயிர்மைய அறத்துக்கு இதைவிடத் தெளிவான தமிழ்ச் சான்று அரிது. ஆயினும் அந்தச் சிறுவன் விட்டுக்கொடுப்பது ஒரு பண்டிகை மகிழ்ச்சியை. அதே முடிவு நாடு முழுவதும் பரவினால் சிவகாசிச் சிறுவன் விட்டுக்கொடுப்பது வீட்டு வருமானத்தை. இருவரின் விடைகளையும் ஒரே கோலால் அளந்து ஒருவனை மேலானவன் என்று சொல்வதற்கு முன், அறம் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு விலை கேட்கிறது என்பதையும் அளக்க வேண்டும்.

இரண்டாம் எதிர்வாதம் கானின் ஆய்விலிருந்தே வருகிறது. ஹூஸ்டன் குழந்தைகள் பலருக்குக் காற்று மாசு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது; தங்கள் நகரின் காற்று மாசுபட்டது என்று உணர்ந்தவர்கள் குறைவு. பிறந்தபோது கண்ட நிலையையே ஒவ்வொரு தலைமுறையும் இயல்பெனக் கொள்வதைக் கான் தலைமுறை மறதி என்றார். இது இவ்வட்டாரத்துக்கும் பொருந்தும். வைப்பாற்றில் மணல்மேடும் சீமைக்கருவேலமும் இருப்பதுதான் ஆறு என்று பழகிய கண்ணுக்கு இழப்பு தெரியாது. கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ கரிசல் சிறுவன் ஒருவனின் பறவையறிவைச் சொல்லும் கதை. அத்தகைய நேரடி அறிவு குறைந்த தலைமுறை, தீங்கு யார்மேல் விழுகிறது என்று கேட்கும்போது மனிதர்களை மட்டும் எண்ணிவிட்டுப் பறவையை மறந்துவிடக்கூடும்.

இந்த எதிர்வாதத்தை ஏற்கிறோம். அதற்கான மருந்து கேள்வியைக் கைவிடுவது ஆகாது. கேள்வியின் எல்லையை விரிப்பதுதான். தீங்கு ஏற்பவர்களின் பட்டியலில் தொழிலாளியும் இருக்க வேண்டும், ஆற்றங்கரைக் கொக்கும் இருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையைச் சட்ட உரிமைகள் கொண்ட உயிருள்ள ஆளுமையாக அறிவித்தது. குரலற்றவற்றைப் பட்டியலில் சேர்க்கும் முயற்சி அது. 2023இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு தன் 26ஆம் பொதுக் கருத்துரையில், தூய்மையான, நலமான சூழல் குழந்தைகளின் உரிமை என்றும், சூழல் முடிவுகளில் அவர்கள் குரல் கேட்கப்பட வேண்டும் என்றும் சொன்னது.

7. முடிவுரை

மேலே கண்டவற்றை மூன்று முடிவுகளாகத் தொகுக்கலாம். ஒன்று, மனிதமையம், உயிர்மையம் என்ற பிரிப்பு இளையோரின் காரணங்களை வகைப்படுத்த உதவும். அவர்களைத் தரப்படுத்த உதவாது. இரண்டு, இயற்கையே தண்டிக்கும் என்ற நம்பிக்கையைக் கடந்து, இயற்கையின் வழியாக வரும் தீங்கு குற்றமற்றவர்மேல் விழுகிறது என்று காண்பதே முதிர்ச்சியின் முக்கியத் திருப்பம். அம்மை கண்ட வீட்டின் ஒழுக்கத்தில் அந்தத் திருப்பத்துக்கான வித்து ஏற்கெனவே இருக்கிறது. மூன்று, வெடிப்பவர், சுவாசிப்பவர், செய்பவர் மூவரையும் சேர்த்துப் பார்க்காத சூழல் கல்வி அறக்கல்வி ஆகாது.

தீபாவளிக்கு முன் நம் பள்ளிகள் பலவற்றில் மாசில்லாத் தீபாவளிக்கு உறுதிமொழி எடுக்கிறார்கள். உறுதிமொழிக்குப் பதிலாக, சாத்தூர், சிவகாசி வட்டாரப் பள்ளிகளில் ஆசிரியர்கள் நான்கு கேள்விகளை வைத்து ஒரு வகுப்பு நடத்தட்டும். இந்தச் செயலால் பயன் யாருக்கு? தீங்கு யாருக்கு, எந்த உயிருக்கு? அவர்களிடம் யாராவது கேட்டார்களா? தீங்கைச் சுமந்தவருக்கு நாம் தர வேண்டியது என்ன? மணல் அள்ளுதல், கழிவுநீர், கருவேலம், பட்டாசு எதற்கும் இக்கேள்விகள் பொருந்தும். பதினான்கு வயதுப் பிள்ளைகள் இவற்றை ஆழமாக விவாதிக்கக் கூடியவர்கள். அதற்கான அனுபவமும் அவர்களுக்கு இருக்கிறது. அவர்கள் சொல்லும் விடைகளைத் திருத்துவதற்கு முன், கவனமாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய பொறுப்பு ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உண்டு.